பல் முளைக்காத வாயும் என் ஆள்காட்டி விரலும்

ஆறு ஆண்டுகளுக்கு முன், அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில், கீழே பாத்திரக் கடையும் மேலே ஐந்து அறைகளும் உள்ள பழைய கடைவீடு ஒன்றில் குடியிருந்தோம். அறைக்கு ஒரு குடும்பம். சமையற்கட்டும் குளியலறையும் எல்லோருக்கும் பொது. என் கணவர் துறைமுகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் மகளுக்குப் பதினோரு மாதம். அவளுக்கு ஒரு பல்கூட முளைத்திருக்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியம் இன்று படிப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. அன்று என் நாள் முழுவதும் அதைச் சுற்றித்தான் நடந்தது.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள். எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வாள் என்று வீட்டில் எனக்குப் பெயர். மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது குழந்தை நல கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, காய்கறி எதுவானாலும் நன்றாக வேகவைத்து, மசித்து, வடிகட்டிக் கொடுக்க வேண்டும் என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தேன். கணவரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து ஆறு துண்டுகளாக்கி, ஓரம் தைத்து வைத்துக்கொண்டேன். மசித்த உணவைத் துணியில் கொட்டி, முறுக்கிப் பிழிந்தால் கீழே கிண்ணத்தில் கூழ் இறங்கும். மேலே தங்குவதை எறிந்துவிடுவேன். மூன்று வேளையும் பிழிந்ததில் எனக்கு வலது மணிக்கட்டு வீங்கியே இருந்தது.

அதே தாளின் பின்பக்கத்தில் வேறு ஒன்றும் இருந்தது. எட்டாம் மாதத்திலிருந்து வடிகட்டுவதை நிறுத்திவிட்டு, மெத்தென்ற சிறு கட்டிகளோடு கொடுத்துப் பழக்க வேண்டும் என்று. அதையும் படித்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் சிரிக்கும் குழந்தை ஒன்றின் படம் இருந்தது. அந்தக் குழந்தைக்குக் கீழ் வரிசையில் இரண்டு பற்கள். என் மகளுக்கு அவை இல்லை. ஆகவே இந்தப் பக்கம் எங்களுக்கு இன்னும் பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஊரிலிருந்து வந்த மாமியாரின் கடிதம் அந்த முடிவை உறுதி செய்தது. முதல் பல் தெரிந்ததும் பல் கொழுக்கட்டை போட்டுவிட்டு, அதன் பிறகு கெட்டிச் சோறு ஊட்டு என்று எழுதியிருந்தார். அரிசி மாவில் முத்து முத்தாகக் கொழுக்கட்டை செய்து, குழந்தையை உட்கார வைத்துத் தலையில் கொட்டுவார்கள். சுற்றியிருக்கும் பிள்ளைகள் பொறுக்கித் தின்பார்கள். பல் வரிசையாக வர வேண்டும் என்பதற்காகச் செய்வது. அரசாங்கத்துத் தாளும் மாமியாரின் கடிதமும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன என்றால் அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அம்மியில் மாவு அரைக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

ஒரே ஒரு முறை மட்டும், ஒன்பதாம் மாதத்தில், வடிகட்டாத பருப்புச் சோற்றை ஒரு கரண்டி ஊட்டிப் பார்த்தேன். குழந்தை ஓங்கரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். அன்று மாலையே துணிக்குத் திரும்பிவிட்டேன்.

கிளினிக்கில் எடை எழுதும் அட்டை ஒன்று உண்டு. ஏழாம் மாதத்தில் பதினைந்து பவுண்டு. பதினோராம் மாதத்தில் பதினைந்தரை. இடையில் இருந்த கோடு ஏறக்குறைய தரையில் படுத்திருந்தது. மிஸ்ஸி, அதாவது எடை பார்க்கும் தாதி, ஒவ்வொரு முறையும் வடிகட்டாமல் கொடுக்கிறாயா என்று கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்பேன். பள்ளியில் வீட்டுப் பாடம் செய்யாத நாளில்கூட நான் பொய் சொன்னதில்லை. அங்கே மட்டும் எப்படியோ வந்துவிட்டது. மருத்துவத் தாளை மதிக்காதவள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பதினோராம் மாதத்தில் மிஸ்ஸி அட்டையை உடனே திருப்பித் தரவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். இன்னும் நான்கு வாரம் பார்ப்போம், அப்போதும் எடை ஏறாவிட்டால் பெரிய மருத்துவமனையில் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருக்கும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தாய் கூட இருக்கலாமா என்று கேட்டேன். பார்வை நேரத்தில் வரலாம் என்றார்.

திரும்பி வரும் வழியில் தேக்கா சந்தைக்குள் போய் நல்ல கேரட்டாகப் பார்த்து வாங்கினேன். இன்னும் சத்துள்ள கூழாகப் பிழிந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இனி பக்கத்து அறைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவள் கணவர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். அவள் பொது அம்மியில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து, உருண்டை பிடித்து, சந்தை வாசலில் விற்கக் கொடுத்தனுப்புவாள். என்னைவிட ஒரு வயது இளையவள். ஆனால் அவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பையனுக்கு ஒன்பது மாதம். அவனுக்கும் பல் இல்லை. ஆனால் அவன் தோசை ஓரம், அவித்த கிழங்கு, புட்டு என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஈறால் அரைத்துக்கொண்டே தவழ்வான்.

நான் துணியில் பிழிவதை அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

“என்னக்கா, இன்னைக்கும் துணி துவைச்ச தண்ணிதானா?”

“இது கேரட்டு. சத்து.”

“சத்தெல்லாம் துணியிலல்லா ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தத் துணிக்கு ஊட்டுனா அது நல்லா வளந்துரும்.”

நான் துணியை இன்னும் இறுக்கி முறுக்குவேன். படிக்காதவள், மூன்று பெற்றுவிட்ட தைரியத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் பையன் குண்டாக இருப்பது அவன் உடல்வாகு என்று நினைத்துக்கொள்வேன். மிளகாய் அரைத்த அதே கையால் அவள் பிள்ளைக்கு ஊட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு கூசும். அவள் ஊட்டுவதற்கு முன்னால் புளி போட்டுக் கையைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள் என்பதை நான் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று சனிக்கிழமை. கணவர் அரை நாள் வேலைக்குப் போயிருந்தார். முற்பகலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சந்தைக்கு ஓடிப் போய் வந்துவிடலாம் என்று, பக்கத்து அறைக்காரியைச் சற்றுப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கோப்பி கடை ஒன்றின் முன்னால் கூரையிட்ட ஐந்தடி நடைபாதையில் அரைமணி நேரம் நின்றேன்.

படியேறி வந்தபோது சமையற்கட்டில் பாய் விரித்திருந்தது. அதில் என் மகளும் அவள் பையனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு. தட்டில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவள் கிழங்கை விரலால் நசுக்கி என் மகள் கையில் கொடுக்க, மகள் அதை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கிழங்கு.

நான் கூடையைக் கீழே வைப்பதற்குள் மகள் ஓங்கரித்தாள். பிறகு இருமினாள். முகம் சிவந்தது. நாக்கை நீட்டி நீட்டி இருமினாள்.

“ஒண்ணுமில்லக்கா, வெளியில தள்ளுதா. சும்மா இருங்க” என்றாள் பக்கத்து அறைக்காரி.

நான் சும்மா இருக்கவில்லை. பாய்ந்து போய்க் குழந்தையைப் பிடித்து, வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் துழாவினேன். விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துவிடலாம் என்று இன்னும் உள்ளே விட்டேன். அது வழுக்கிப் போனது. இருமல் நின்றுவிட்டது.

அந்த அமைதியைத்தான் நான் மறக்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. உதடு நிறம் மாறுகிறது. என் விரல் இன்னும் உள்ளேயே இருக்கிறது.

பக்கத்து அறைக்காரி குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கினாள். முழங்காலில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி பிடித்துக்கொண்டு, முதுகில் உள்ளங்கையால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டில் சுண்டுவிரல் நுனி அளவுக் கிழங்குத் துண்டு ஒன்று பாயில் வந்து விழுந்தது. குழந்தை வீறிட்டாள். அந்த அழுகை ஓய்வதற்கு முன்பே தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அதையும் பார்த்தேன்.

ஆனால் அப்போது நான் சொன்னது வேறு.

“மிளகாய் அரைக்கிற கையால என் பிள்ளைக்கு ஊட்டுன்னு உன்கிட்ட நான் கேட்டேனா? பல்லு இல்லாத பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரத்துல கொன்னுருப்ப.”

“இல்லக்கா, அது வந்து...” என்று தொடங்கியவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “சரிக்கா” என்றாள். பாயைச் சுருட்டினாள். கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

பிற்பகலில் கணவர் வந்ததும், பக்கத்து அறைக்காரி நம் பிள்ளைக்குக் கிழங்கு கொடுத்து மூச்சடைக்க வைத்துவிட்டாள் என்று சொன்னேன். விரலைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு நடந்ததாகவே தெரியவில்லை. கணவர் அதிர்ந்து பேசாதவர். அன்று மாலை அவள் கணவரிடம் போய், இனி எங்கள் பிள்ளைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். “தப்பா எடுத்துக்கிடாதீக, வீட்ல சொல்லிவைக்கேன்” என்று அந்த மனிதர் சொல்வது எங்கள் அறை வரை கேட்டது. மற்ற மூன்று அறைகளுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாளிலிருந்து அவள் அம்மிக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். நான் சமைத்து முடித்துப் போன பிறகுதான் அரைக்கும் சத்தம் கேட்கும். துணியைப் பற்றிய கேலி நின்றது. இதைத்தானே நான் விரும்பினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் மகள் கூழைத் தொட மறுத்துவிட்டாள். கரண்டியைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். மூக்கைத் தடவி, பாட்டுப் பாடி, சன்னலில் காக்கையைக் காட்டி, என்னென்னவோ செய்தேன். இரண்டு கரண்டி போனால் மூன்றாவதைத் துப்பினாள். அவள் முகம் எப்போதும் சமையற்கட்டுப் பக்கமே திரும்பியிருந்தது. நான்கு நாளில் கன்னம் ஒட்டியது போல் எனக்குத் தெரிந்தது. கிளினிக்கில் சொன்ன நான்கு வாரம் முடிய இன்னும் இரண்டு வாரமும் சில நாளும்தான் இருந்தன.

ஐந்தாம் நாள் காலை அவள் வாயைத் துணியால் துடைத்துவிட்டபோது சிணுங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். மேல் அண்ணத்தில் ஒரு கீறல். ஆறிக்கொண்டிருந்தது. நீளமாக, சற்று வளைந்து, பின்பக்கமாகப் போனது.

கிழங்கு கீறாது. நெடுநேரம் நான் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் ஆள்காட்டி விரலின் நகத்தைப் பார்த்தேன்.

பள்ளியில் விஞ்ஞானப் பாடத்தில் சோதனை எழுதச் சொல்வார்கள். முதலில் என்ன செய்தாய், பிறகு என்ன கண்டாய் என்று வரிசையாக. அன்று மகள் தூங்கிய பிறகு பழைய நோட்டு ஒன்றில் அப்படி எழுதினேன். குழந்தை தின்றுகொண்டிருந்தாள். ஓங்கரித்தாள். இருமினாள். நான் விரலை விட்டேன். இருமல் நின்றது. எழுதி முடித்துப் படித்தபோது நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் பக்கத்து அறைக்காரிக்கு இடமே இல்லை. இருமுகிறவளுக்கு மூச்சு இருக்கிறது. அதை நிறுத்தியது நான்.

அப்படியும் இருக்காது என்று இரண்டு நிமிடம் வாதாடிப் பார்த்தேன். ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தால்? ஆனால் அடைத்திருந்தால் அவளால் இருமியிருக்க முடியாது. வேறு விடை வரவில்லை.

கணவர் வேலை முடிந்து வந்ததும் அவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“அப்ப நான் போய் அவர்கிட்ட பேசினது?”

“தப்புங்க.”

“அஞ்சு நாளா அந்த மனுஷன் என்னைப் பார்த்தா படியில ஒதுங்கி நிக்கிறாரு” என்றார். பிறகு, “நீ அவங்ககிட்ட சொல்லு. அவர்கிட்ட நான் சொல்றேன்” என்றார்.

மறுநாள் அவள் அரைக்கும் நேரத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனேன். வேறு இரண்டு குடித்தனப் பெண்கள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நிற்கத் தோன்றியது. ஆனால் என் கணவர் பேசியதை அவர்களும்தான் கேட்டிருந்தார்கள். அதனால் அவர்கள் இருக்கும்போதே சொன்னேன்.

“அன்னைக்கு உன் கிழங்கால ஆகல. என் விரலாலதான்.”

மீன் ஆய்கிற கைகள் நின்றன. அவள் குழவியை நிறுத்தவில்லை. மிளகாயை ஒரு முறை வழித்து, திரும்பவும் அரைத்தாள்.

“எனக்குத் தெரியும்க்கா.”

“எப்பத் தெரியும்?”

“அப்பமே.”

“பிறகு ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க கேட்டிருப்பீகளா? நடுங்கிக்கிட்டுல்லா நின்னீக. போகட்டும், எப்பவாச்சும் அவுகளுக்கே வெளங்கும்னு விட்டேன்.” இன்னொரு கை மிளகாயை அம்மியில் வைத்தாள். “ஆனா உங்க வீட்டுக்காரவுக வந்து பேசுனதுதான் கஷ்டமாப் போச்சு. எங்க வீட்ல அவுக ஒரு வாரமா எங்கிட்ட, பிறத்தியார் பிள்ளைய ஏன் தொட்டன்னு கேட்டுக்கிட்டே இருக்காக.”

இன்று என் கணவர் போய் அவரிடமும் சொல்லிவிடுவார் என்றேன். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல் நாங்கள் வாயால் பேசும் சொல் அல்ல, கடிதத்தில் எழுதுவது. அதனால் கையில் இருந்த கிண்ணத்தை நீட்டினேன். வடிகட்டாத பருப்புச் சோறு. “நீயே ஊட்டு” என்றேன்.

“நான் எதுக்கு ஊட்டணும்? அவளுக்குக் கை இல்லையா?” என்றாள்.

குழவியைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் புளி தேய்த்துக் கையைக் கழுவினாள். என் கண் முன்னாலேயே இரண்டு முறை கழுவினாள் என்பதைக் கவனித்தேன். எண்ணெய் தடவிக்கொண்டாள். பாயை விரித்து என் மகளையும் தன் பையனையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க இங்கன உக்காருங்க. ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள விட்டு முடிஞ்சுக்கிடுங்க” என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அவளே என் முந்தானையை இழுத்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றி, நுனியை என் இடுப்பில் செருகினாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்கும் கோபம் வரவில்லை.

“பல்லு இல்லாத வாயில எப்படி மெல்லுவா?” என்று கேட்டேன். அத்தனைக்குப் பிறகும் கேட்டேன்.

“அன்னைக்கு விரல விட்டீகள்ல. கடிச்சாளா, இல்லையா?”

யோசித்தேன். கடித்திருந்தாள். அன்று மாலை ஆள்காட்டி விரலின் நடுக் கணு வீங்கியிருந்தது. துணி பிழிந்ததால் என்று நினைத்திருந்தேன்.

“பல்லு இல்லாமத்தானே கடிச்சா?” என்று சொல்லிவிட்டு, சோற்றைச் சிறிது நசுக்கி மகளின் முன்னால் தட்டில் வைத்தாள்.

மகள் சோற்றைப் பார்த்தாள். எதிரே இருந்த பையனைப் பார்த்தாள். அவன் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து விரலாலும் அள்ளி வாயில் வைத்தாள். கொஞ்சம் உள்ளே போனது, மீதி முகவாயில். தாடையை இடமும் வலமுமாக ஆட்டினாள். ஓங்கரித்தாள். என் கைகள் முந்தானைக்குள் துள்ளின. சுற்றியது அவிழவில்லை.

“பாத்துக்கிட்டே இருங்க. சத்தம் வருதா? வந்தா அவ வேலைய அவ பாக்குதான்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் நமக்கு வேலை.”

நாக்கு முன்னால் வந்தது. சோற்றுக் கட்டி ஒன்று உதட்டில் வந்து நின்றது. மகள் அதை விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். திரும்ப வாயில் போட்டுக்கொண்டாள். இந்த முறை அரைத்து விழுங்கினாள்.

அன்று அவள் தின்றது மொத்தம் ஒரு கைப்பிடி இருக்கும். அதை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஏழு முறை ஓங்கரித்தாள். எண்ணிக்கொண்டு இருந்தேன், எனக்கு வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மறுநாள் ஐந்து. வார முடிவில் ஒன்றோ இரண்டோ. முதல் நான்கு நாள் என் கையைக் கட்டித்தான் போட்டாள். ஐந்தாம் நாள் கட்டவில்லை. நானே முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

மல் துணித் துண்டுகளைத் துவைத்து மடித்து வைத்தேன். எறிவதற்கு மனம் வரவில்லை. சில நாள் காலையில் பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தின் மேல் விரிப்பேன். அப்புறம் மடித்து உள்ளே வைப்பேன். கட்டி பெரிதோ, வெந்த பதம் போதாதோ என்ற சந்தேகம் ஒவ்வொரு வேளையும் வந்தது. வேகவைத்த கேரட்டை என் உதட்டுக்கும் நாக்குக்கும் நடுவில் வைத்துப் பல் படாமல் நசுக்கிப் பார்ப்பேன். நசுங்கினால் அவளாலும் முடியும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பயந்த புத்தி கண்டுபிடித்தது.

குறித்த நாளில் கிளினிக்குக்குப் போனோம். மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னால் எடுத்துப்போக ஒரு பையில் மாற்றுத் துணியும் வைத்திருந்தேன். மிஸ்ஸி தராசில் மகளைப் போட்டார். தராசுக் குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். அரை பவுண்டுக்கு மேல் ஏறியிருந்தது. மிஸ்ஸி சிரிக்கவில்லை, அவர் யாருக்கும் சிரிப்பவர் அல்ல. என்ன மாற்றிக் கொடுத்தாய் என்று கேட்டார்.

வடிகட்டுவதை நிறுத்தினேன் என்றேன்.

எட்டாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னாயே என்றார். பொய் சொன்னேன் என்றேன். பேனாவை எடுத்தவர் அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு அட்டையில் எடையை மட்டும் எழுதி, இந்த முறை என் கையிலேயே கொடுத்தார்.

முதல் பல் பதிமூன்றாம் மாதத்தில்தான் தெரிந்தது. அதற்குள் மகள் புட்டும் இடியாப்பமும் முள் எடுத்த மீனும் தின்றுகொண்டிருந்தாள். பல் கொழுக்கட்டையை விடாமல் போட்டோம். மாவை அரைத்துக் கொடுத்தது பக்கத்து அறைக்காரி. மிளகாய் நெடி போக அம்மியை மூன்று முறை கழுவினாள். மகளின் தலையில் கொட்டிய கொழுக்கட்டைகளில் பாதியை அவள் பையன்தான் பொறுக்கித் தின்றான். அவனுக்கு அதற்குள் நான்கு பற்கள். பல் வந்து, கொழுக்கட்டையும் போட்டாயிற்று, இனிக் கெட்டிச் சோறு ஊட்டுகிறேன் என்று மாமியாருக்கு எழுதினேன். கிளினிக்கில் ஒப்புக்கொண்ட மாதிரி அங்கே ஒப்புக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளில் அந்தக் குடும்பம் தஞ்சோங் பகாருக்கு மாறிப் போனது. நாங்கள் இப்போது தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். சமையற்கட்டு எங்களுக்கு மட்டுமே. பெருநாளுக்கு அவள் வருவாள், தீபாவளிக்கு நான் பலகாரம் கொண்டுபோவேன். “துணியெல்லாம் எப்படி இருக்கு, நல்லா வளந்திருச்சா?” என்று கேட்கத் தவறுவதில்லை.

மகள் தொடக்கப்பள்ளி முதல் வகுப்புக்குப் போகிறாள். முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அந்த வாயாலேயே முறுக்கு கடிக்கிறாள். அவள் தம்பிக்கு எட்டு மாதம். அவனுக்கும் பல் வரவில்லை. போன வாரம் அவித்த கிழங்கைத் தின்னும்போது அவன் ஓங்கரித்து இருமினான். மகள் பயந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவன் சத்தத்தைக் கேட்டபடி அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பயம் அன்றைக்கு இருந்ததில் ஓர் அவுன்ஸ்கூடக் குறையவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு மூச்சடைத்த அந்த ஒரு நாளில் உள்ளே போயிருந்தது என்னுடைய விரல்தான் என்பதை நான் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, இன்றும் பிள்ளை இருமும்போதெல்லாம் என் இரண்டு கைகளும் தாமாகவே முந்தானைக்குள் போய்விடுகின்றன.